எண்பது விநாடிகளின் கணக்கு

2025 நவம்பர் 13 அன்று, நண்பகலை ஒட்டிய வேளையில், திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூரை அடுத்து ஒரு சிறிய விமானம் அவசரமாக வந்து இறங்கியது. சேலத்தில் இயங்கும் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்றின் செஸ்னா 172 அது. விமானத்தின் முன்பகுதி சேதமடைந்தது. உள்ளே இருந்த இருவரும் உயிர்ச்சேதமின்றி வெளியே வந்தனர். சாலையில் நின்ற விமானத்தின் படங்கள் அன்று மாலைக்குள் கைப்பேசிகளில் ஊர்தோறும் சுற்றி வந்தன. ஓரிரு நாளில் செய்தி ஓய்ந்துவிட்டது.

உயிரிழப்பு இல்லாத விபத்து நம் நாட்டில் வேடிக்கையாகத்தான் பார்க்கப்படுகிறது. அகமதாபாதில் 2025 ஜூன் 12 அன்று நடந்ததைப் போன்ற பெருந்துயரங்கள் நேரும்போது மாதக்கணக்கில் விவாதிக்கிறோம். சிறிய விமானம் ஒன்று சாலையிலோ வயலிலோ இறங்கினால் புன்னகையோடு கடந்து போகிறோம். ஆனால், கற்றுக்கொள்வதற்கு உகந்தவை இரண்டாம் வகை நிகழ்வுகளே. நடந்ததைச் சொல்ல விமானி இருக்கிறார். பிரித்துப் பார்க்க எஞ்சினும் முழுதாக இருக்கிறது.

தென் மாவட்டத்தினர் இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை அளித்தன. அவற்றை ஓட்ட ஆயிரக்கணக்கான விமானிகள் தேவை. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 2021, 2022 ஆண்டுகளில் தன் விமான நிலையங்களில் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கியபோது சேலமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. கோவில்பட்டி அருகே உள்ள பழைய ஓடுதளத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் முயன்று வருகிறது. கீரனூருக்கும் மதுரைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு செஸ்னாவுக்கு அது அரை மணி நேரப் பயணம். மேலூர், சிவகங்கை, திருமங்கலம் வட்டாரங்களின் வானில் இத்தகைய விமானங்கள் இனிமேல் கூடுமே தவிரக் குறையா.

எஞ்சின் நின்றுவிட்டால் விமானம் கல்லைப் போல விழும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. செஸ்னா 172 ரகத்தை மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் நிலைநிறுத்தினால், அது ஓர் அடி கீழிறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே மிதந்து செல்லும். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் ஓய்ந்தால் காற்றில்லாத நாளில் சுமார் எட்டு கிலோமீட்டர் செல்லலாம். நான்கு நிமிட அவகாசம் கிடைக்கும். தரையிறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் உயரம் வழக்கமாக 1,000 அடி. அங்கே எஞ்சின் நின்றால் கிடைப்பது ஏறக்குறைய 80 விநாடிகள்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இது பழகிய கணக்கு. எஞ்சின் ஓடும்வரை வரவும் செலவும் உண்டு. நின்ற கணத்தில் வரவு அறுந்துவிடுகிறது. உயரம் மட்டுமே கையிருப்பு. அதை வேகமாகவோ தொலைவாகவோ மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திரும்ப ஈட்ட முடியாது. விமானத்தின் மூக்கை மேலே தூக்கினால் தொலைவு கூடும் என்று கை தன்னிச்சையாக நினைக்கும். உண்மையில் வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்குவிசையை இழந்து, விமானம் சாய்ந்து விழும். ஆகவே முதல் சில விநாடிகளில் செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பது. தரை நெருங்கி வரும்போது மூக்கை அதன் பக்கமாகவே தாழ்த்துவது மனித இயல்புக்கு எதிரானது. அதனால்தான் அது பயிற்சியாக வேண்டியிருக்கிறது. அறிவுரையாகச் சொன்னால் போதாது.

உயரத்தைவிட வேகமாகத் தீர்ந்துபோகும் இன்னொரு கையிருப்பு உண்டு. அது கவனம். தகவல் பெருகப் பெருகக் கவனம் பற்றாக்குறைப் பொருளாகிறது என்பதை 1971-இலேயே எடுத்துக் காட்டியவர் ஹெர்பர்ட் சைமன். பின்னர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் மனதில் இருந்தவை நிறுவனங்களும் கணினிகளும்தாம். ஆனால் அந்தக் கருத்துக்கு எஞ்சின் நின்ற ஒரு சிறு விமானத்தின் அறையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அங்கே நடப்பதை எண்ணிப் பாருங்கள். வேகத்தைக் காக்க வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று நினைவுகூர வேண்டும். இறங்குவதற்கு ஓர் இடத்தைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்ப வேண்டும். உயரம் மிச்சமிருந்தால், எரிபொருள் குழாய் திறந்திருக்கிறதா, கலவை சரியாக இருக்கிறதா, தீப்பொறிச் சாவி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் பனி படிந்திருக்கலாம் என்பதால் அதற்கான வெப்பத்தைத் திறந்துவிட வேண்டும். மதுரைச் சமவெளியில் பனியா என்று கேட்கத் தோன்றும். எஞ்சின் விசையைக் குறைத்து இறங்கும்போது, ஈரப்பதம் மிகுந்த காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் விரிந்து குளிர்ந்து, வெளியே 25 பாகை வெப்பம் இருக்கும்போதும் உள்ளே பனி படியும். ஐப்பசி, கார்த்திகைக் காலைகள் இதற்கு ஏற்றவை. பிறகு, ஆபத்து அறிவிப்பை வானொலியில் சொல்ல வேண்டும். தரையைத் தொடுமுன் எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்து, மோதலில் சட்டகம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளாதிருக்க அதன் தாழை விடுவிக்க வேண்டும். இத்தனையும் எண்பது விநாடிகளில்.

எனவேதான் உலகம் முழுவதும் விமானிகளுக்கு ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது: முதலில் விமானத்தைப் பறக்க வை, அடுத்து எங்கே போவது என்று முடிவு செய், அதன் பிறகே பேசு. கேட்பதற்கு எளிது. ஆனால் எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கும் முயற்சி மனதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போது வேகம் குறைவதும், தேர்ந்த வயல் பின்னால் போய்விடுவதும் கண்ணில் படுவதில்லை. எஞ்சின் நின்றது விபத்தின் தொடக்கம். அதையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் பல நேரங்களில் உயிரைப் பறித்தது.

கவனம் சிதற எஞ்சின் நிற்க வேண்டியதுகூட இல்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் தரையிறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் விமானத்தில் முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. பல்புதான் பழுது, சக்கரத்தில் கோளாறு இல்லை. விமானிகள் அறையிலிருந்த அத்தனை பேரும் அந்த விளக்கில் மூழ்கியிருக்க, தானியங்கிக் கருவி உயரத்தைத் தக்கவைப்பதை நிறுத்தியதை எவரும் கவனிக்கவில்லை. மூன்று எஞ்சின்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெரிய விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் விழுந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். இதுவும் இதையொத்த பிற விபத்துகளும் தந்த படிப்பினையால், 10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குத் தொடர்பில்லாத பேச்சோ வேலையோ கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981-இல் கொண்டுவந்தது. இன்று பயணிகள் விமானங்களில் அது உலக வழக்கம். சிறு விமானத்தில் அந்த ஒழுங்கைக் காப்பது அருகில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் மட்டுமே. மாணவர் தனியே பறக்கும்போது அவரும் இல்லை. சரியாகத் தாழிடாத கதவு நடுவானில் திறந்துகொள்வது சிறு விமானங்களில் நேர்வதுண்டு. இரைச்சலும் காற்றும் தவிரப் பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. கதவைச் சாத்தக் கை நீட்டிய விமானிகள்தாம் மாண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கவர்ச்சி, புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. புறப்பட்டு 300 அடி உயர்ந்ததும் எஞ்சின் நிற்கிறது. விமானி சுதாரிக்க நான்கு விநாடிகள். பிறகு சீராகத் திரும்புகிறார். பின்னோக்கித் திரும்பினால் மட்டும் போதாது. விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் விலகியிருக்கும், மேலும் திரும்பியாக வேண்டும். முடிவில் அது இருக்க வேண்டிய இடம் ஓடுபாதைக்கு ஆயிரம் அடி கீழே என்று கணக்கு சொல்கிறது! அவசரத்தில் செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பினால், 60 பாகைச் சாய்வில் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் 41 விழுக்காடு உயர்ந்துவிடும். போதுமானதாக இருந்த வேகம் போதாமற்போகும். முன்னே முட்புதர் இருந்தாலும் நேராக இறங்குவதே பெரும்பாலும் மேல்.

முன்னே என்ன இருக்கிறது என்பதுதான் நம் ஊர்க் கேள்வி. விமானப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அமெரிக்கப் புல்வெளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையைச் சுற்றிய நிலம் வேறு. மேலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும் இடமெல்லாம் வரப்புகளால் துண்டாடப்பட்டிருக்கும். பெரியாறு - வைகைப் பாசனப் பகுதியில் நாற்று நட்ட வயலின் சேறு, சக்கரம் தொட்டவுடன் இறுகப் பிடித்து விமானத்தைக் குப்புறக் கவிழ்க்கும். அறுவடை முடிந்த தாள்வயலோ நல்ல படுக்கை. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்கள் சித்திரையில் பரந்த மைதானம்போலக் காட்சி தரும். அவற்றில் பாதியை அடைத்து நிற்பது சீமைக்கருவேலம். மார்கழியில் அதே கண்மாய் நீர்ப்பரப்பு. நீரில் இறங்குவது மென்மையானது என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 152 ஒன்று சாண்டில் அணையில் வீழ்ந்து, பயிற்சியாளரும் மாணவரும் இறந்தனர். பொட்டலில் நிற்கும் பனைகள் மேலிருந்து புள்ளிகளாகத் தெரியும். யானைமலை, நாகமலை, சிறுமலை ஆகியவை தெளிவான நாளில் நல்ல அடையாளங்கள்; முகில் சூழ்ந்தால் தடைகள். மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் ஒன்று 1971 டிசம்பரில் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்ததை இத்தலைமுறை மறந்துவிட்டது. அது எஞ்சின் கோளாறன்று. ஆனால் இந்தச் சமவெளிக்கு மேற்கே எவ்வளவு விரைவாக நிலம் உயர்ந்துவிடும் என்பதற்கு அதுவே சான்று.

காற்றும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆடியில் மேற்கிலிருந்து கணவாய்கள் வழியே பாயும் காற்றை எதிர்கொண்டு இறங்கினால் தரையைத் தொடும் வேகம் கணிசமாகக் குறையும். அதே காற்றை முதுகில் வாங்கி இறங்கினால் கூடும். இந்த வேறுபாடு சிறிதன்று. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடும் விமானம் மூன்று மீட்டருக்குள் சீராக நின்றுவிட்டால்கூட, தோள்பட்டை வார் அணிந்த மனித உடல் அதைத் தாங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. இறக்கைகள் முறியட்டும், சக்கரங்கள் பிய்ந்து போகட்டும். அவை நொறுங்கும்போது ஆற்றலை விழுங்கிக்கொள்கின்றன. 2022 ஜூலையில் புணே மாவட்டம் இந்தாபூர் வட்டத்தில் தனியாகப் பறந்த பயிற்சி விமானி ஒருவரின் செஸ்னா 152 வயலில் விழுந்து உருக்குலைந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். நான்குவழிச் சாலை மேலிருந்து பார்க்க ஓடுபாதையை ஒத்தது என்பதால் கண்ணை ஈர்க்கும். குறுக்கே செல்லும் மின்கம்பிகளோ சில நூறு அடிகளுக்குக் கீழே வந்த பிறகுதான் தெரியும். நடுத்தடுப்பில் அரளிச்செடி, வழிகாட்டிப் பலகைகளின் வளைவுகள், சுங்கச்சாவடி, எதிரே பேருந்து. கீரனூரில் இவற்றுக்கிடையே ஒரு விமானம் எவர் மீதும் மோதாமல் நின்றதில் விமானியின் திறமையும் உண்டு, நல்லூழும் உண்டு. ராஜஸ்தானின் பார்மரில் விமானப்படைக்காக 2021-இல் திறக்கப்பட்டதைப் போல மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குத் தயாரித்த நெடுஞ்சாலை இதற்குத் தேவையில்லை. செஸ்னா 172 தடை கடந்து இறங்கி நிற்க 400 மீட்டர் அளவு போதும்.

இத்தனையும் தொழில்நுட்பம். என்னை உறுத்துவது வேறு. எஞ்சின் நின்றதும் விமானியின் தீர்ப்பைக் குலைக்கும் மனநிலைகளாக மேற்சொன்ன அமெரிக்கக் கையேடு குறிப்பிடுபவற்றுள் ஒன்று, விமானத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆசை. கரடுமுரடான ஆனால் அருகிலுள்ள வயலை விட்டு, சேதமின்றி இறங்கக்கூடிய தொலைதூர ஓடுபாதையை எட்டிப் பிடிக்கத் தூண்டுவது அந்த ஆசையே. இதை வெறும் உளவியல் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஆசைகளை உருவாக்குபவை ஊக்கங்களும் தண்டனைகளும் என்பது பொருளியலின் முதல் பாடம்.

வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரப் பறத்தல் தேவை. செலவு பல லட்சங்கள். வீட்டை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் நம்மிடையே உண்டு. பயிற்சி நிறுவனத்திலோ விமானங்கள் குறைவு. ஒன்று பழுதானால் வரிசையில் நிற்கும் மாணவர் அனைவருக்கும் மாதங்கள் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட நிலையில் இருபது வயது மாணவர் ஒருவர் மேலூருக்கு மேலே எஞ்சின் அடங்கிய அமைதியைக் கேட்கிறார். அந்த எண்பது விநாடிகளில் அவர் மனதில் விமானத்தின் விலை, விசாரணை, நிறுத்திவைப்பு, கடன் தவணை ஆகியவை நிழலாடாது என்று யார் உறுதி கூற முடியும்? கவனச்சிதறல் என்பது அறைக்குள் ஒலிக்கும் கைப்பேசி மட்டுமன்று. தரையில் நாம் கட்டிவைத்த கட்டண முறையும் அவரோடு சேர்ந்து மேலே பறக்கிறது.

ஒழுங்குமுறை அமைப்பின் போக்கையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் பாராமதியில் ஒரே நிறுவனத்தின் இரு பயிற்சி விமானங்கள் நான்கு நாள்களுக்குள் விபத்துக்குள்ளாயின. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்நிறுவனத்தின் பயிற்சியை நிறுத்தி வைத்தது. நியாயமான நடவடிக்கைதான். ஆனால் விபத்துக்குப் பின் வரும் நிறுத்தம், விபத்து ஆகாமல் தப்பிய நிகழ்வுகளை மறைக்கத் தூண்டும் என்பதும் உண்மை. 2025 அக்டோபரில் இயக்ககம் முதன்முறையாகப் பயிற்சி நிறுவனங்களின் தரவரிசையை வெளியிட்டது. மதிப்பிடப்பட்ட 35 நிறுவனங்களில் ஒன்றுகூட முதலிரு தரங்களைப் பெறவில்லை; 13 நிறுவனங்கள் பி, 22 நிறுவனங்கள் சி. வெளிப்படையாகச் சொன்னதற்காக இயக்ககத்தைப் பாராட்டலாம். பாதுகாப்புக்கு மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைப் பாராட்ட இயலவில்லை. அதைவிட முக்கியமாக, எஞ்சின் நின்றதாகக் கொண்டு இறங்கும் ஒத்திகையை ஒரு மாணவர் எத்தனை முறை, எந்தெந்த உயரத்திலிருந்து, எந்தப் பருவத்தில் செய்தார் என்பதை நிறுவனவாரியாகப் பொதுமக்கள் அறிய வழி வேண்டும். மணி நேரத்தை எண்ணுவது எளிது. ஒத்திகையை எண்ணுவதற்குத்தான் மனம் வேண்டும்.

செலவு அதிகம் பிடிக்காத சில வேலைகள் மாநில அரசின் கையிலேயே இருக்கின்றன. பயிற்சி விமானங்கள் பறக்கும் பகுதிகளில் நெடுஞ்சாலைகளையும் பெரிய பொட்டல்களையும் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிகளில் வண்ண உருண்டைகளைக் கட்டுவது மின்வாரியத்தால் ஆகக்கூடியது. செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை போன்ற பழைய ஓடுதளங்களில் முள் வெட்டி, ஒரு பகுதியையாவது அவசரத்துக்குத் தூய்மையாக வைத்திருப்பது மாவட்ட நிர்வாகத்தால் ஆகக்கூடியது. மாணவரிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தத்தில், அவசர இறக்கத்தில் விமானத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு அவரைப் பொறுப்பாக்கும் வாசகம் எதுவும் இருக்கலாகாது என்று விதிப்பது தில்லியின் வேலை. காப்பீட்டுத் தொகை சற்றுக் கூடலாம். கூடட்டும்.

கீரனூர் நிகழ்வு பற்றிய அறிக்கையில் எந்தப் பகுதி பழுதானது என்ற பதிலோடு வேறு சிலவும் இருக்க வேண்டும். கோளாறு தெரிந்தபோது உயரம் எத்தனை அடி? பழுதைச் சரிசெய்ய முயன்றது எத்தனை விநாடி? சாலையைத் தேர்ந்தது எந்தக் கட்டத்தில், எதைக் கைவிட்டு? கம்பிகள் எப்போது கண்ணில் பட்டன? அவ்விருவரும் இத்தகைய ஒத்திகையைக் கடைசியாகச் செய்தது எந்த நாளில்? அந்தப் பக்கங்களைத் தமிழிலும் வெளியிட்டால், மகனையோ மகளையோ விமானப் பயிற்சியில் சேர்க்கக் கையெழுத்திடும் பெற்றோரும் படித்துப் பார்ப்பார்கள்.